நாற்பத்தேழு எண்ணும் வரை

பெங்களூரு
6.1.2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி தமிழ்வாணன் எழுதுவது. நீயும் மாமாவும் பூஜாவும் சௌக்கியம்தானே? மாமாவுக்கு இன்னும் நைட் ஷிப்ட்தானா? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி வந்த முதுகு வலி குறைந்ததா? எனக்கு இந்தக் குளிரில் கொஞ்சம் சளி. வேறொன்றும் இல்லை.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். உன் போன் பாதி நேரம் பூஜா கையில் இருக்கிறது. தவிர, நான் ஹாஸ்டலில் படித்தபோது எனக்கு எழுதி எழுதித்தானே நீயாக எழுத்துக் கற்றுக்கொண்டாய்? இப்போது எனக்கு வேண்டியதும் உன் எழுத்துதான்.

பார்சலில் பஞ்சு சுற்றிய ஒரு குட்டி பாட்டில் இருக்கும். மூடியில் 1 என்று எழுதியிருக்கிறேன். பயப்படாதே, சொல்லிவிடுகிறேன். அது சரக்கு. போர்பன் என்று பெயர். அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் தீயில் கருக்கிய மரப்பீப்பாயில் பதினைந்து வருஷம் போட்டு வைத்தது. ஒரு பாட்டில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். எங்கள் ஹோட்டல் பாரில் முப்பது மில்லி இரண்டாயிரத்து நானூறு. இந்த விலைக்கு இது தகுமா என்று பார் பொறுப்பில் இருக்கிற நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கோ மூக்கு அடைத்துக் கிடக்கிறது.

நீ குடிக்க வேண்டாம். முகர்ந்தால் போதும். வெள்ளிக்கிழமை தோறும் நீ வைக்கிற கோயில் பொங்கலை நாக்கில் வைக்காமலே வெல்லம் கம்மி, ஏலக்காய் ஜாஸ்தி என்று சொல்கிறவள் நீ. உனக்கு என்ன தோன்றுகிறதோ அப்படியே எழுது. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் தம்பி,
தமிழ்வாணன்


வடக்குப்பட்டு
17.1.2025, வெள்ளி

அம்மன் துணை

தம்பி தமிழ்வாணனுக்கு அக்கா சசிகலா ஆசியோடு எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உன் மாமாவுக்கு வலி குறையவில்லை. ஓ.டி.யும் குறையவில்லை. உன் சளிக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடி.

முதலில் திட்டிவிடுகிறேன். பொங்கலுக்குத் தம்பி புடவை அனுப்பியிருக்கிறான் என்று போஸ்ட்மேன் எதிரிலேயே பிரிக்கப் போனேன். பிரித்திருந்தால் என் மானம் போயிருக்கும். உன் மாமா இந்தச் சனியனை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசற்படியை அது தாண்டியதில்லை. இப்போதும் தாண்ட விடவில்லை. கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் வைத்துத்தான் திறந்தேன்.

சாமிக்குச் செய்வதை முகர்வதும் தப்புதான். ஆவி தானாக வந்து மூக்கில் ஏறினால் நான் என்ன செய்ய? அதே நியாயம்தான் இதற்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். அது தானாக வந்தது.

முன்னால் வருவது வெல்லப்பாகு. கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கின பாகு. அதற்குப் பின்னால் கிராம்பு. கிராம்பில் மொட்டு இல்லை, காம்பு. அப்புறம் கேக் கடை வாசலைத் தாண்டும்போது ஒன்று வருமே, அது. கடைசியில் மரம். உன் மாமா கம்பெனிக்கு வெளிநாட்டு மிஷின் வருகிற பெட்டிப் பலகையைக் கழித்துப் போடுவார்கள். அதை வாங்கி வந்துதான் கோயில் அடுப்புக்கு எரிக்கிறேன். நூறு பலகையில் ஒன்று, பழைய பீரோவைத் திறந்தது போல மணக்கும். அந்த மரம்.

நல்ல வாசனை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுக்குப் போடுகிற மக்காச்சோளத்துக்கு முப்பத்தெட்டாயிரம் தகுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு புடவையை விரித்துக் காட்டி விலை சரியா என்றால் யாரால் சொல்ல முடியும்? பக்கத்தில் இன்னொன்றை விரிக்க வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
சசிகலா


பெங்களூரு
27.1.2025

அன்பு அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இத்தனை வருஷத்தில் எந்தப் புத்தகமும் எனக்கு அந்த பாட்டிலை இப்படித் திறந்து காட்டியதில்லை.

நீ கேட்டபடி இன்னொன்றை விரித்துவிட்டேன். இது 2. வேறு கம்பெனி, பாட்டில் ஆயிரத்து எண்ணூறுதான். முதல் பாட்டிலோடு ஒப்பிட்டால் இதில் எது எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொன்றாக எழுது. அளவு முக்கியம். சீக்கிரம் எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். பூஜாவை நன்றாகப் படிக்கச் சொல்.

தமிழ்வாணன்


வடக்குப்பட்டு
7.2.2025, வெள்ளி

அம்மன் துணை

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சளி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. ஒரு மாதமாகவா சளி? டாக்டரிடம் காட்டினாயா?

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாய். உன் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஷிப்ட் முடித்துச் சீக்கிரம் வந்தவர், பாத்திரச் சத்தம் கேட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டார்.

"இன்னா சசி இது, கல்லு மேல? டானிக்கா?"

"தமிழு அனுப்பினது. மருந்து."

"இந்த மருந்த பதினஞ்சு வருசம் சாப்ட்டவன் நானு. என்னாண்டயே கத வுடுறியா?"

"நான் குடிக்கல. மோந்துதான் பாக்குறேன்."

"குடிச்சவன்கூட இவ்ளோ நல்லா பொய் சொல்ல மாட்டான் சசி."

உன் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். விலையைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தக் காலத்துல கட்டிங்குக்கு முப்பது ரூபா கேட்டா, இல்லன்னு முந்தானைய முடிஞ்சிகினு ஓடுவ. இப்ப முப்பத்தெட்டாயிரம் சரக்க தொறந்து வச்சிகினு பாத்திரம் தேய்க்கிற. நல்லா கீது நாயம்!" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. "மூடி வச்சிடு. ரொம்ப நேரம் தொறந்து வைக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அன்றைக்கு முழுவதும் கொல்லைப் பக்கம் வரவில்லை.

சரி, இரண்டாம் பாட்டில். பாகு இருக்கிறது, ஆனால் வெறும் சர்க்கரைத் தண்ணி. இன்னும் கருக்கு ஏற வேண்டும். கிராம்பே இல்லை. ஒரு டம்ளருக்கு ஒரே ஒரு காம்பு போட்டால் போதும், மொட்டைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கேக் வாசனை எசன்ஸ் போல மண்டையில் ஏறுகிறது, பாதியாகக் குறைக்கணும். மரம் துளிகூட இல்லை.

கோயிலில் ராஜம்மா பொங்கல் வைத்தால் நான் இப்படித்தான் பக்கத்தில் நின்று இதைப் போடு, அதைக் குறை என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பழக்கத்தில் இதற்கும் பக்குவம் எழுதிவிட்டேன் பார். மடத்தனம். யாரோ எங்கேயோ காய்ச்சி அடைத்ததை நான் எப்படித் திருத்துவது?

டாக்டரைப் பார்.

அக்கா,
சசிகலா


பெங்களூரு
24.2.2025

அன்பு அக்காவுக்கு,

நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். சளி இல்லை அக்கா. இரண்டரை வருஷத்துக்கு முன் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்ததே, அதோடு மூக்கு செத்துவிட்டது. மாம்பழமும் சோப்பும் எனக்கு ஒன்றுதான். நாளாக ஆகச் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை. மூக்கு போனவனை எந்த பாரில் வைத்துக்கொள்வார்கள்? யாரிடமும் சொல்லவில்லை. முன்பு மனப்பாடம் செய்து வைத்ததை விருந்தாளிகள் முன்னால் ஒப்பித்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனிக்கிழமை ஒரு விருந்து இருக்கிறது. பன்னிரண்டு பெரிய மனிதர்கள் அந்த முப்பத்தெட்டாயிரத்தைத் திறந்து ருசி பார்த்துப் பேசப் போகிறார்கள். ஊற்ற வேண்டியது நான். அதற்குள் இந்த வேலையை முடிக்க வேண்டும்.

3 அனுப்பியிருக்கிறேன். இது இன்னொரு கம்பெனி. முதல் பாட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று மட்டும் சொல். உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

தமிழ்வாணன்


வடக்குப்பட்டு
10.3.2025

அம்மன் துணை

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பெருங்காயம் போட்டேன். இந்த வாசனை என் தம்பிக்கு இரண்டரை வருஷமாக வரவில்லை என்று நினைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். தீபாவளிக்கு வந்தபோது என் பாயசத்தை முகர்ந்துவிட்டு "ஆஹா" என்றாயே. அதுவும் மனப்பாடம்தானா?

அது இருக்கட்டும். மூன்றாம் பாட்டில்.

பாகில் கருக்கு சரியாக ஏறியிருக்கிறது. எசன்ஸ் பாதியாகக் குறைந்திருக்கிறது. கிராம்பு இருக்கிறது, மொட்டு இல்லாத வெறும் காம்பு. மரமும் வந்திருக்கிறது. ஆனால் அது பீரோ மரம் இல்லை. மழையில் நனைந்து லாரி ஷெட்டில் கிடக்கிற, சரக்கு அடுக்குகிற பேலட் பலகை. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. ஊசியால் எடுத்துப் பார்த்தேன். கிராம்புத் துணுக்கு.

மூக்கை மட்டும் நம்பி ஒருவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இன்னொரு விதமாகவும் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். ஒன்றாம் பாட்டில் நாற்பத்தேழு எண்ணும் வரை இருந்தது. மெதுவாக, கோபமில்லாமல், நெஞ்சுக்குழி வரை போய் நின்றது. மூன்றாம் பாட்டில் ஏழைத் தாண்டவில்லை. இனிப்பு செத்து எரிச்சல் மட்டும் மிச்சம்.

போன வெள்ளிக்கிழமை கோயில் பொங்கலை நான் வைக்கவில்லை. கோயில் பக்கமே போகவில்லை. ராஜம்மா வைத்தாள். அடிப்பிடித்துவிட்டதாம்.

ஒரே ஒரு கேள்வி. இந்த மூன்றாம் பாட்டிலைக் காய்ச்சிய கம்பெனியின் பெயர் என்ன?

அக்கா


வடக்குப்பட்டு
22.3.2025

தம்பிக்கு, சுகம்தானே. கேட்டதற்குப் பதில் இல்லை. இது போஸ்ட் கார்டு என்பதால் விவரம் எழுதவில்லை. கம்பெனி பெயர் மட்டும் எழுது.

அக்கா


பெங்களூரு
1.4.2025

அக்கா,

எண்ணினேன் என்று எழுதியிருக்கிறாய். வாசனையை எண்ண முடியாது. நாக்கில் வைத்தால்தான் எண்ண முடியும். அதனால்தான் நீ கோயிலுக்குப் போகவில்லை. இது புரிந்த பிறகு மூன்று வாரமாகப் பேனா எடுக்க முடியவில்லை.

கம்பெனி எதுவும் இல்லை. காய்ச்சியது நான்.

நவம்பரில் அலமாரி துடைக்கும்போது அந்த முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பாட்டில் கை நழுவி விழுந்து உடைந்தது. இருப்பில் இருந்தது அது ஒன்றுதான். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் விலை. யாரும் பார்க்கவில்லை. அதே ரகத்தில் காலி பாட்டில் ஒன்று பின்னால் கிடந்தது. மலிவுச் சரக்கை அதில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். உனக்கு 1 என்று அனுப்பியது, உடைந்த பாட்டிலின் அடிப்பாகத்தில் தேங்கி நின்றதை வடிகட்டியது. 2 என்பது அந்த மலிவுச் சரக்கில் எசன்ஸ் கலந்தது. 3 என்பது நீ சொன்ன பக்குவம். கிராம்புக் காம்பு, கருக்கிய பாகு, மர வாசனைக்கு ஓக் மரச் சீவல் ஊறப் போட்டது.

சத்தியமாக இதுவரை யாருக்கும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அந்த விலைக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் 12ஆம் தேதி அந்த பாட்டிலைத்தான் திறக்க வேண்டும். இந்த ஒரே ஒரு முறை தாண்டிவிட்டால் போதும். அந்த நனைந்த பலகை வாசனை போக என்ன போடலாம்? அதை மட்டும் சொல்லிவிடு. இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன்.

தமிழ்


வடக்குப்பட்டு
4.4.2025, வெள்ளி
(ஸ்பீட் போஸ்ட்)

அம்மன் துணை

தமிழ்வாணனுக்கு,

அது போக ஒன்றும் போட முடியாது.

போட முடிந்தாலும் சொல்ல மாட்டேன். முன்பு சொன்னதே போதும். திருட்டுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தெரியாமல். பாதித் தப்பு என் தலையில் ஏறிவிட்டது. இறக்கி வைக்காமல் சாமிக்கு அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே கவனமாகப் படி.

வியாழக்கிழமை 10ஆம் தேதி சாயங்காலத்துக்குள் உன் மேனேஜரிடம் சொல். பாட்டில் உடைந்ததையும் சொல், மூக்கு போனதையும் சொல். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்காதே. மூக்கை மறைக்கப் போய்த்தான் இவ்வளவும் வந்தது. உடைந்த அன்றே சொல்லியிருந்தால் அது கை நழுவல். கிராம்பு போட்ட நாளிலிருந்து அதற்கு வேறு பெயர்.

நீ சொல்லாவிட்டால் வெள்ளி விடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் பஸ் ஏறுகிறேன். மூன்று பாட்டிலும் என்னோடு வரும். உன் கடிதங்களும் வரும். ஹோட்டல் பெயரைச் சொல்லி வழி கேட்க எனக்குத் தெரியும். வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். விருந்துக்கு முன்னால் வந்துவிடுவேன்.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: "ஒரு நாளு போதைல ஃபோர்க்லிஃப்ட்ட ரேக் மேல வுட்டுட்டேன் சசி. கேமரா அப்ப கெடையாது. நானே போயி சூப்பர்வைசராண்ட சொன்னேன். மூணு மாசம் வூட்ல ஒக்காந்துகினு இருந்தனே, லைன் நிறுத்திட்டாங்கன்னு உன்னாண்ட சொன்னனே, அது இதுக்குத்தான். அதோட விட்டதுதான் சரக்கு. அவனாண்ட எழுது. சொன்னா செத்துற மாட்டான்."

பத்து வருஷமாக எனக்கே சொல்லாததை உனக்காகச் சொல்லியிருக்கிறார். நன்றாகச் சாப்பிடு. வியாழக்கிழமை, சாயங்காலத்துக்குள்.

அக்கா,
சசிகலா


பெங்களூரு
15.4.2025

அன்பு அக்காவுக்கு, மாமாவுக்கு,

10ஆம் தேதி போனில் "சொல்லிட்டேன்" என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டேன். நீ மூட்டை கட்டிவிட்டாய் என்று பூஜா பிறகு சொன்னாள். நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொன்னேன். தைரியம் வந்து சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்.

மேனேஜர் சார் முதலில் நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஒரு கையில் எலுமிச்சைத் துண்டையும் இன்னொரு கையில் சோப்புத் தூளையும் நீட்டினார். எது எலுமிச்சை என்றார். வலது என்றேன். இடது. அப்புறம் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பார் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விருந்தில் வேறு சரக்கு ஊற்றினார்கள். உடைந்த பாட்டிலின் விலையைப் பத்து மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். தட்டு, டம்ளர், கண்ணாடிக் கோப்பைகள். பாட்டிலை உடைத்தவனைக் கண்ணாடிக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று பசங்களுக்குச் சிரிப்பு. ஆனால் என்னைப் பார்த்து யாரும் இப்போது என்ன வாசனை வருகிறது என்று கேட்பதில்லை. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உன் கடிதங்களையும் கொடுத்தேன். மேனேஜர் சார் ஓசூர்க்காரர், தமிழ் படிப்பார். பெட்டிப் பலகை வந்த இடத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில், "இவ்ளோ எழுதினவங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலையே? விலை தகுமா, தகாதா?" என்றார். கேட்டு எழுதச் சொன்னார்.

உன் தம்பி,
தமிழ்வாணன்


வடக்குப்பட்டு
2.5.2025, வெள்ளி

அம்மன் துணை

தம்பி தமிழ்வாணனுக்கு அக்கா சசிகலா ஆசியோடு எழுதுவது. மூவரும் நலம். உன் மாமா முதுகுக்கு பெல்ட் போட்டிருக்கிறார். இன்றைக்குக் கோயில் பொங்கலை நான்தான் வைத்தேன்.

உங்கள் சாரிடம் சொல். தகும்.

அந்த முப்பத்தெட்டாயிரத்தில் வரிக்கு எவ்வளவு, கப்பலுக்கு எவ்வளவு, பகட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாகும் கிராம்பும் மரமும் எவ்வளவு அளந்து போட்டும் உன்னால் ஏழுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. மிச்ச நாற்பதும் பதினைந்து வருஷம் யாரும் மூடியைத் திறக்காமல் பொறுத்திருந்ததற்கு வந்தது. அதற்குக் கேட்கிற விலையைக் கேட்கட்டும். நான் வாங்க மாட்டேன், என் வீட்டுக்கு அது ஆகாது. ஆனால் என் தம்பி என்ன செய்கிறான் என்று அந்த நாற்பத்தேழு எண்ணுவதற்குள் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது விலை அதிகம் இல்லை.

மூன்று பாட்டிலில் இருந்ததையும் கொல்லையில் கொட்டிவிட்டேன். உன் மாமா பக்கத்தில் வந்து நின்றார். "மொதல்ல ஒண்ணாம் நம்பர கொட்டு" என்றார். கொட்டினேன். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

தண்டலம் ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். தினமும் இரண்டு வேளை சில வாசனைகளை முகர்ந்து பழக்கினால், வருஷம் ஆனாலும் சிலருக்குத் திரும்புமாம். சிலருக்குத் திரும்பாதாம். அவர் மறைக்காமல் சொன்னார்.

ஆகவே இந்தப் பார்சல். உன் பாட்டில்கள்தான். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காய வைத்தேன். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் சாம்பிராணி. பார்த்துக் கண்டுபிடிக்காதபடி வெளியே துணி வைத்துத் தைத்திருக்கிறேன். பிரிக்காதே. மூடியில் நீ எழுதிய 1, 2, 3 அப்படியே இருக்கிறது. எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையும் மாலையும் கண்ணை மூடி முகர். மாதம் ஒரு கடிதம் எழுது. 1 இன்னது, 2 இன்னது, 3 இன்னது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது. எத்தனை மாதம் தெரியவில்லை என்று வந்தாலும் படிப்பேன். ஊகித்து மட்டும் எழுதாதே.

அக்கா,
சசிகலா